அழுக்கோடு வந்த பை

அவளுக்கு மனிதர்களைவிடத் துணிகள் மேல்தான் நம்பிக்கை அதிகம். மனிதன் வாயைத் திறந்தால் என்ன வேண்டுமானாலும் சொல்லுவான். சட்டைக் காலருக்குப் பொய் சொல்ல வராது. துறைமுகச் சாலையில் இருந்த சலவைக் கடையில், வந்து குவியும் மூட்டைகளைப் பிரித்து ரகவாரியாகப் போடுவது அவள் வேலை. வந்த புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு செய்தாள். இப்போதெல்லாம் முடிச்சை அவிழ்த்ததுமே, இது சமையல்கட்டு, இது ஆஸ்பத்திரி, இது பெயின்ட் அடிக்கிறவன், இவன் வேலைக்கே போகாமல் எங்கேயோ உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தவன் என்று சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் முன்னால், முதன்முதலாகக் கடலில் எண்ணெய் எடுக்கும் வேலைக்குப் போய்விட்டு வந்த புருஷன், பெரிய பயணப் பையைத் தொப்பென்று போட்டான்.

“எல்லாம் அழுக்கு. மெதுவா துவை, ஒண்ணும் அவசரமில்ல,” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

வெளியே மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஊர் மழைக்கு நேராகப் பெய்யத் தெரியாது. காற்று இழுத்த இழுப்புக்குப் போகும். அவள் வாஷிங் மெஷின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து பையின் ஜிப்பை இழுத்தாள். முதல் சட்டையை எடுத்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதை எடுக்கும்போது கை தயங்கியது.

அவன் வெல்டர். தீப்பொறி தெறிக்கிற வேலை. கல்யாணமானதிலிருந்து அவனுடைய வேலைச் சட்டை எதையும் அவள் முழுசாகப் பார்த்ததில்லை. நெஞ்சிலும் முழங்கையிலும் குண்டூசித் தலை அளவுக்குக் கருகிய பொத்தல்கள் இருக்கும். வெயிலில் காயப்போட்டால் சல்லடை மாதிரி தெரியும். இந்தச் சட்டைகளில் ஒரு பொத்தல்கூட இல்லை. எண்ணெய்க் கறை இல்லை. கிரீஸ் இல்லை. முகர்ந்து பார்த்தாள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை, அதற்கு அடியில் லேசான மீன் கவிச்சி.

‘கடல்னா மீன் இருக்கும்தானே’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை. எண்ணெய் எடுக்கப் போனவன் எதற்கு மீன் பிடிக்கிறான்? துணிகளை மறுபடியும் பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து, மெஷினுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். துவைத்துவிட்டால் போச்சு. துணி அப்புறம் பேசாது.

வீட்டில் நிம்மதி போனது அவன் வேலை பார்த்த கப்பல் பட்டறையை மூடிய நாளிலிருந்து. வேலை இருந்தால்தான் அந்த நாட்டில் இருக்கலாம். வேலை போனால் கொஞ்ச நாள் தவணை கொடுப்பார்கள், அதற்குள் இன்னொரு வேலை கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். அவளுடைய சலவைக் கடை வேலையும், பெரியவளின் கடைசி வருஷப் படிப்பும், சின்னவளின் பள்ளிக்கூடமும், ஜன்னலிலிருந்து பார்த்தால் துறைமுக கிரேன்கள் தெரியும் இந்த இரண்டு அறை வீடும், எல்லாமே அவன் விசாவின் முதுகில்தான் ஏறி உட்கார்ந்திருந்தன.

பட்டறைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடியபோது, ஓர் ஏஜென்ட் இவனைப் பிடித்தான். கடலுக்கு நடுவில் எண்ணெயும் கேஸும் எடுக்கும் இரும்பு மேடைக்கு வெல்டர் வேண்டுமாம். ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்குவார்கள், சில வாரம் அங்கே வேலை, சில வாரம் வீட்டில் ஓய்வு. அதற்கு முன்னால் ஒரு பாதுகாப்புப் பயிற்சி மட்டும் முடிக்க வேண்டும். அவனும் போனான். சாயங்காலம் திரும்பி வந்து, “முடிஞ்சுது,” என்றான். அவள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தாள். ஊருக்குப் போன் போட்டு அண்ணனிடம் சொன்னாள். பெரியவள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவன் மட்டும் அன்றைக்கு இனிப்பைத் தொடவில்லை. பல்வலி என்றான். அப்போது அதைப் பல்வலி என்றே நம்பினாள். நினைத்தால் இப்போது அவளுக்கே சிரிப்பாக வந்தது.

குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். சோறும் பருப்பும் முட்டைப் பொரியலும். இரண்டு பெண்களும் அவன் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டார்கள். அவள் கரண்டியோடு எதிரில் நின்றாள்.

“சாப்பாடெல்லாம் எப்படிங்க அங்க?”

“நல்லாத்தான் போட்டாங்க.”

“நல்லான்னா?”

“சாப்பாடு மாதிரிதான் இருந்துச்சு. சோறு, கறி.”

“கூட யாரு தங்கியிருந்தா?”

“ரெண்டு மூணு பேரு. வேற வேற ஊரு ஆளுங்க.”

“பேரு?”

“பேரெல்லாம் எவன் கேட்டான்? நீ என்ன, போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வெச்ச மாதிரி கேக்குற?”

“கேக்கக் கூடாதா? அத்தனை நாள் போன் இல்ல. கேக்கத்தான் செய்வேன்.”

“கடலுக்கு நடுவுல ஏதுடி சிக்னல்?”

சின்னவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அப்பா, ஹெலிகாப்டர்ல உனக்கு ஜன்னல் சீட்டா? பயமா இருந்துச்சா? கீழ பாத்தியா?”

வாய்க்குப் போன கை நின்றது. ஒரு நொடிதான். அப்புறம் சோற்றை வாயில் போட்டு, வேண்டிய அளவுக்கு மேல் மென்றுகொண்டே இருந்தான். “ஜன்னல் சீட்டுதான்,” என்றான் கடைசியில். “எல்லாருக்கும் ஜன்னல் உண்டு.”

அந்த ஒரு நொடியை அவள் எடுத்து, பையோடு சேர்த்து மெஷினுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. மாடிப்படியில் கிரேன் அக்கா வெங்காயமும் முறமுமாக உட்கார்ந்திருந்தாள். புருஷன் கிரேன் ஓட்டுகிறவர், ரொம்ப காலமாகக் கடல் மேடைகளிலேயே வேலை. அதனால் இவள் கிரேன் அக்கா. அடுக்குமாடியில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அக்காவின் பார்வைக்குத் தப்பாது. எட்டிப் பார்ப்பதில் அவள் கிரேனுக்கே அக்கா.

“வந்துட்டாராமே உன் வீட்டுக்காரர்? முதல் தடவை. உடம்பு எளச்சிருப்பாரே?”

“எளைக்கலக்கா. கறுத்துக்கூடப் போகல.” அவளும் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். “துணி மட்டும் ஒரு மூட்டை. இன்னும் கை வைக்கல.”

கிரேன் அக்காவின் கத்தி நின்றது. “என்ன துணி?”

“அங்க போட்ட துணிதான். எல்லாம் அழுக்கு.”

“அழுக்காவா வந்துச்சு?”

“ஏன்க்கா?”

“இல்ல... என் வீட்டுக்காரர் வந்தா நான் மெஷின் பக்கமே போறதில்லடி. அங்கேயே தினம் துவைச்சுடுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்ட வலைப்பை. சாயங்காலம் கழட்டிப் போட்டா, காலைல மடிச்சு வாசல்ல இருக்கும். அதுக்குன்னே ஆளு. வர்றப்போ பையத் தெறந்தா கடைல வாங்கின மாதிரி இருக்கும்.”

“இவரு ஒருவேளை சோம்பேறித்தனமா...”

“போட மறந்தாலும் விட மாட்டாங்க. கேஸ் இருக்கற எடம், எண்ணெய்த் துணியக் குவிச்சு வெக்க விடுவாங்களா?” அக்கா கொஞ்சம் கிட்டே நகர்ந்தாள். “தினம் போன் பண்ணினாரா?”

“சிக்னல் இல்லையாமே.”

“யாரு சொன்னா? அங்க வைஃபை இருக்கு. எங்க ஆளு சாப்புடறப்போகூட வீடியோல வந்து, குழம்பு கெட்டியா இல்லன்னு என்கிட்டப் புலம்புவாரு. என்னவோ நான் வெச்ச குழம்பு மாதிரி.”

அவள் வெங்காயத்தைத் தோலுக்கு மேல் தோலாக உரித்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாள். கண் எரிந்தது. நல்லவேளை, வெங்காயம் இருந்தது.

“நான் ஒண்ணும் சொல்லலம்மா,” என்றாள் அக்கா, சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டு. “ஆனா பட்டறைல ஒருத்தன் இருந்தானே, போர்மேன். நைட் ஷிப்ட் நைட் ஷிப்ட்னு சொல்லி ரெண்டு தெரு தள்ளி இன்னொரு குடும்பமே வெச்சிருந்தான்ல? அந்தப் பொம்பளை மீன் கடைலதான் வேலை பாத்தா.”

மீன் என்றதும் அந்தச் சட்டைகளின் கவிச்சி மறுபடி அவள் மூக்கில் ஏறியது.

அன்று கடையில் ஓட்டல் மேஜைவிரிப்புகளோடு ஆஸ்பத்திரிப் போர்வைகளைச் சேர்த்துப் போட்டுத் திட்டு வாங்கினாள். கை தன் போக்கில் வேலை செய்ய, மனசு ஒரு பெண்ணை உருவாக்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் குள்ளம், நல்ல சிவப்பு, வாயாடி, மீன் வெட்டுகிற கை. சமைக்கத் தெரியும், துவைக்க மட்டும் தெரியாது. ‘சாப்பாடெல்லாம் போட்டுட்டு, அழுக்கை மட்டும் எனக்கு அனுப்பி வெச்சிருக்கா பாரு’ என்று நினைத்தபோது அவமானத்தைவிடக் கோபம்தான் முன்னால் வந்தது. பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் அண்ணன் வீட்டு வாசலில் நிற்பதுவரை கற்பனை ஓடியது. அண்ணி கதவைத் திறக்கும் முகம்கூடத் தெரிந்தது. இயந்திரங்களின் இரைச்சலில் யாருக்கும் கேட்காமல் கொஞ்சம் அழுதாள்.

இரண்டு நாளாக அவன் இன்னொரு வித்தையும் காட்டினான். சாயங்காலமானால், “பால் வாங்கிட்டு வர்றேன்,” என்று கார் சாவியை எடுத்துக்கொண்டு இறங்குவான். கார் நகராது. சமையல்கட்டு ஜன்னலிலிருந்து குனிந்து பார்த்தால், கீழே நிறுத்தியிருந்த அந்தப் பழைய காரின் கண்ணாடி வழியாக அவன் மடியும் கைகளும் மட்டும் தெரியும். ஒரு கை ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருக்கும். இன்னொரு கை இடுப்புப் பக்கம் எதையோ தடவும். ரொம்ப நேரம் அப்படியே இருப்பான். பிறகு பாலே வாங்காமல் வந்து, கடை மூடிட்டான் என்பான். அந்தக் கடை மூடி அவள் பார்த்ததே இல்லை.

‘போன்லதான் பேசறான். மடியில வெச்சுக்கிட்டு ஸ்பீக்கர்ல பேசறான்.’

மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் இறங்கியதும், அடுப்பைச் சின்னதாக்கி, பெரியவளிடம், “பருப்பு பொங்கிடாம பாத்துக்க,” என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே இறங்கினாள். மெஷினுக்குப் பின்னாலிருந்த பையையும் இழுத்துக்கொண்டாள். சாட்சி இல்லாமல் சண்டைக்குப் போகிற ரகமில்லை அவள். படிகளில் அது திம் திம் என்று கூடவே இறங்கியது.

காரின் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். போன் இல்லை. சீட் பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு கை ஜன்னல் சட்டத்தில், ஒரு கை பெல்ட் கொக்கியில்.

கதவைப் படாரென்று திறந்தாள். அவன் அலறிவிட்டான்.

“என்ன கூத்து இது?”

“ஒண்ணுமில்ல... மூச்சுப் பயிற்சி.”

“அவ சொல்லிக் குடுத்தாளா?”

“எவ?”

“மீன்காரி.”

“எந்த மீன்காரிடி?”

அவள் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, பையை அவன் மடியில் தள்ளினாள். “தெறந்து மோந்து பாருங்க. வெல்டர் சட்டைல ஒரு பொத்தல் உண்டா? எண்ணெய் உண்டா? அங்க தினம் துவைச்சு மடிச்சுக் குடுப்பாங்களாம், வைஃபைகூட இருக்காம். நீங்க கடலுக்குப் போகல. எங்க போனீங்க? யாரோட இருந்தீங்க? பொண்ணுங்க மேல சத்தியமா சொல்லுங்க.”

அவன் பையைப் பார்த்தான். துணியைத் துவைத்துக் கொடுப்பார்கள் என்பது அவனுக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. அழுக்கோடு போனால்தான் உழைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும் என்று, சுத்தமாக இருந்த இரண்டு சட்டையையும் தரையில் புரட்டி எடுத்து வைத்தவன் அவன்.

“ஐஸ் குடோன்ல இருந்தேன்,” என்றான்.

“எங்க?”

“அடுத்த ஊர்ல. பழைய பட்டறை ஆளு ஒருத்தன் சேத்துவிட்டான். மீன் பெட்டி தூக்குற வேலை. அங்கேயே அட்டைய விரிச்சுப் படுத்துக்குவோம்.”

“பேப்பர் இல்லாமலா? பிடிச்சிருந்தா?” அவள் குரல் கீச்சிட்டது. “நாலு பேரையும் அன்னிக்கே ப்ளேன்ல ஏத்தியிருப்பான். பெரியவ பரீட்சை என்னாகும்? அறிவிருக்கா உங்களுக்கு?”

“இல்ல,” என்றான் அவன். அது அவள் எதிர்பார்த்த பதில் இல்லை.

மீன்காரி கரைந்து போனதில் வந்த நிம்மதியை அவள் காட்டிக்கொள்ளவில்லை. சந்தேகத்தை அவ்வளவு சீக்கிரம் இறக்கி வைக்க அவளுக்குப் பழக்கமில்லை. “அப்போ பயிற்சி முடிஞ்சுதுன்னு சொன்னது?”

அவன் ஜன்னல் சட்டத்தைப் பார்த்தான். காற்றில் காரே லேசாக ஆடியது.

“ஹெலிகாப்டர் மாதிரி ஒரு கூண்டு செஞ்சு வெச்சிருக்காங்க. பெரிய தொட்டி. நம்மள உள்ள உக்கார வெச்சு, பெல்ட்டு மாட்டி, அப்படியே தண்ணிக்குள்ள இறக்குவாங்க. இறக்கிட்டுத் தலைகீழாத் திருப்பிடுவாங்க. மூக்குல தண்ணி ஏறும். எது மேல எது கீழன்னு தெரியாது. ஒரு கை ஜன்னல்லயே இருக்கணும், அதை விடவே கூடாது. இன்னொரு கைல பெல்ட்டக் கழட்டிட்டு, ஜன்னலப் பிடிச்ச கை இருக்கற பக்கமா உடம்பு வெளிய போகணும். அவ்வளவுதான். சின்னப் பசங்ககூடச் செஞ்சுடலாம்.”

“நீங்க?”

“திரும்பினதும் கை ஜன்னல விட்டுடுச்சு. நான் விடல, அதுவா விட்டுடுச்சு. பக்கத்துல இருந்தவன் கையப் பிடிச்சுக்கிட்டேன்.”

“ஆம்பளையா பொம்பளையா?”

“அவன் ஒரு தாடிக்காரன்டி!” அவனுக்கே சிரிப்பு வந்து, அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்தது. “அவன் என்னை உதறிட்டு வெளிய போயிட்டான். அதுதான் சரியாம். ஆளைப் பிடிச்சா ரெண்டு பேரும் போவீங்க, ஜன்னலைப் பிடிச்சவன்தான் பொழைப்பான்னு அந்த வாத்தியார் சொன்னாரு. திரும்பச் செஞ்சேன். திரும்பவும் பிடிச்சேன். அடுத்த பேட்ச்ல வான்னு அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்தா நீ இனிப்போட நிக்குற. சின்னவ ஹெலிகாப்டர் படம் வரைஞ்சு செவுத்துல ஒட்டியிருக்கா. பயந்துட்டேன்னு சொல்ல வாய் வரல.”

“அதனால ஐஸ் குடோனுக்குப் போயிடுவீங்களா?”

“வேற எங்க போவேன்?”

அவளுக்கு அவனை ஒரு அறை விடலாம் போலவும், தலையைப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. ஊரும் உறவும் இல்லாத இடத்தில் இந்த மனுஷன் பயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மீன் பெட்டிகளுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்திருக்கிறான். அவளோ அதற்கு ஒரு பெண்பிள்ளை உருவம் கொடுத்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“அடுத்த பேட்ச் எப்போ?”

“வர்ற வாரம்.”

அவள் கழுத்திலிருந்த துப்பட்டாவை உருவி அவன் கண்ணைக் கட்டினாள். தன் பக்கத்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள். “நான்தான் அந்தத் தாடிக்காரன். மூச்ச அடக்குங்க. என்னைத் தொட்டீங்கன்னா பாருங்க.”

அவன் மூச்சை இழுத்தான். அவள் திடீரென்று தோளைப் பிடித்து உலுக்கி, காதில் கத்தி, முகத்தில் பாட்டில் தண்ணீரைச் சளாரென்று அடித்தாள். ஜன்னலிலிருந்து கை பறந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வலித்தது. பட்டென்று அடித்துத் தள்ளினாள்.

“ஜன்னல்!”

மறுபடியும். மறுபடியும் அதே கை வந்தது.

“கல்யாணமான நாள்லேர்ந்து இத்தனை தடவை என் கையப் பிடிச்சிருப்பீங்களா? இப்போதான் வருது ஆசை. ஜன்னல்ல வைங்க!”

மேலே மாடியில் கிரேன் அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி கட்டின புருஷனைக் கண்ணைக் கட்டி, காருக்குள் வைத்து, தண்ணீர் ஊற்றி அடிக்கிறாள். அக்காவுக்கு அன்றைக்கு ராஜ விருந்து. பருப்பு பொங்கி அடுப்பு அணைந்த வாசனை கீழேவரை வந்தது.

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் தவறாமல் நடந்தது. குளியலறையில் தலைகீழாகக் குனிய வைத்து, மூக்கில் தண்ணீர் ஏற ஏறப் பழக்கினாள். பெண்களிடம் விஷயத்தை அவளே சொன்னாள். பெரியவள் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து சேர்ந்து கத்தினாள். கை மெல்ல மெல்லப் பழகியது. அவள் பக்கம் பாதி தூரம் வந்து திரும்பிப் போயிற்று. பிறகு விரல் மட்டும் துடித்தது. ஒருநாள் அவள் எவ்வளவு உலுக்கியும், அடித்தும், வேண்டுமென்றே, “என்னைப் பிடிங்க, நான் போறேன்,” என்று அழுகிற குரலில் கூப்பிட்டும்கூட, அந்தக் கை அசையவில்லை. பெல்ட் சொடக்கென்று கழன்றது. கண்கட்டோடு கதவைத் திறந்து வெளியே போய் மழையில் நின்றான்.

“தேறிட்டீங்க,” என்றாள் அவள், காருக்குள் பெல்ட்டோடு தனியாக உட்கார்ந்தபடி.

தொட்டியிலும் தேறினான். ஏஜென்ட் சொன்ன வார்த்தை தப்பவில்லை. விசாத் தவணை முடிகிற சமயத்தில் ஹெலிகாப்டர் அவனைத் தூக்கிக்கொண்டு போனது. இந்தத் தடவை தினமும் வீடியோவில் வந்தான். அவளும் ஒருநாள் விடாமல், “கேமராவக் கொஞ்சம் திருப்புங்க, பின்னால என்ன இருக்கு பாப்போம்,” என்பாள். பின்னால் இரும்புக் குழாய்களும், அதற்குப் பின்னால் சாம்பல் நிறக் கடலும் இருக்கும்.

முறை முடிந்து ஒரு மத்தியானம் வந்தான். பையை அவள் கையில் கொடுத்து, “செக் பண்ணிக்க,” என்று சிரித்துவிட்டு, உடுப்பைக்கூட மாற்றாமல் போய்ப் படுத்தான்.

அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தாள். எல்லாம் துவைத்து, சதுரம் சதுரமாக மடித்து, யாரோ தெரியாத ஆள் தெரியாத சோப்பில் வாசனை ஏற்றி வைத்திருந்தான். முதல் சட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். நெஞ்சில் பொடிப்பொடியாகப் பொத்தல்கள். மறுபக்கத்து ஜன்னலும் வானமும் அதன் வழியே தெரிந்தன. அதை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். வாழ்க்கையில் ஒரு துணி அவளிடம் இவ்வளவு நல்ல சேதி சொன்னதில்லை.

சொல்லலாம் என்று படுக்கையறைக்குப் போனாள். அவன் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருந்தான். கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. முன்பெல்லாம் தூக்கத்தில் அவன் கை அவள் படுக்கிற பக்கம் நீண்டு கிடக்கும். இப்போது முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கை ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருந்தது.

அவள் அவன் பக்கத்தில் மெல்லப் படுத்தாள். எட்டி, அந்த விரல்களைப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். ஒரு விரலைப் பிரித்தால் இன்னொன்று இறுகியது. கொஞ்சம் பலமாக இழுத்தாள். அவன் தூக்கத்திலேயே அவளை உதறினான். கை ஜன்னலை விடவில்லை.

“நான்தாங்க,” என்றாள் மெதுவாக.